டெல்லியில் ஒரு பாடு

உங்கள் தொகுதி எம்.பி. யார்?

யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டீர்கள் என்றால் நீங்கள் கொஞ்சம் அபூர்வமான ஆள். கவுன்சிலர் பெயர் நமக்குத் தெரியும். தெருவில் குப்பை அள்ளவில்லை என்றால் அவரைத்தான் தேடுகிறோம். எம்.எல்.ஏ. பெயரும் தெரியும்; கல்யாண மண்டப வாசலில் பேனரில் சிரித்துக்கொண்டு நிற்பார். எம்.பி. மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி தெருமுனையைக் கடந்து போகிற ஓர் உருவம். அப்புறம் அவர் டெல்லியில், நாம் இங்கே.

எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு ஒரு பழக்கம். பழவேற்காட்டிலும் கேட்டேன். கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். ஊசியை நிறுத்தாமலே சொன்னார்:

“மரகதம்மாதான்.”

“அவங்க காலமாகி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சே, அய்யா?”

“ஆவட்டும். நீ எம்.பி. பேரு கேட்ட. எனக்கு ஞாபகத்துல நிக்கிற பேரு அதான். ராஜீவ் காந்தி செத்தாரே, அவரு இந்த அம்மாவுக்கு ஓட்டுக் கேக்கத்தானே வந்தாரு?”

மரகதம் சந்திரசேகர். 1917ல் பிறந்து 2001ல் மறைந்தவர். இந்தப் பெயரைச் சொன்னால் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு 1991 மே 21 இரவு நினைவுக்கு வரும். ஸ்ரீபெரும்புதூர் பொதுக்கூட்டம், குண்டுவெடிப்பு, மறுநாள் வெறிச்சோடிய தெருக்கள். அந்தத் தொகுதியின் காங்கிரஸ் வேட்பாளர் அவர்தான். அந்த இடத்தில் அவரும் இருந்தார், உயிர் தப்பினார். தள்ளிவைக்கப்பட்ட தேர்தல் ஜூன் மாதம் நடந்தபோது, 73 வயதில் மறுபடியும் ஜெயித்து மக்களவைக்குப் போனார்.

அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் அவருக்கு ஒரு நீண்ட அரசியல் வாழ்க்கை இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1952ல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே திருவள்ளூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர். அன்றைக்கு நாட்டில் சில தொகுதிகளுக்கு இரண்டு எம்.பி.க்கள், ஓர் இடம் பொது, இன்னொன்று தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ. திருவள்ளூர் அப்படிப்பட்ட இரட்டைத் தொகுதி. தாழ்த்தப்பட்டோருக்கான இடத்தில் ஜெயித்தவர் மரகதம். முதல் மக்களவையில் பெண்களின் எண்ணிக்கை நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில்தான் இருந்தது. அதில் ஒருவர், அதுவும் தலித் பெண், நேருவின் அரசில் சுகாதாரத் துறை துணை அமைச்சர். ராஜகுமாரி அம்ரித் கௌர் அமைச்சராக இருந்த, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 1956ல் சட்டம் கொண்டுவந்த அதே சுகாதாரத் துறை.

1962ல் மாயவரத்தில் ஜெயித்தார். உள்துறை துணை அமைச்சர், பிறகு சமூக நலத்துறை துணை அமைச்சர். எழுபதுகளில் மாநிலங்களவை. 1984, 1989, 1991 மூன்று தேர்தல்களிலும் ஸ்ரீபெரும்புதூர். நடுவில் ராஜீவின் அரசில் கொஞ்ச காலம் பெண்கள் மற்றும் சமூக நலத்துறை இணை அமைச்சர். கூட்டிப் பார்த்தால் முப்பது வருஷத்துக்கு மேல் நாடாளுமன்றத்தில் கழித்தவர். ஊர் ஞாபகத்தில் மிஞ்சியதோ ஒரு கூட்டமும் ஒரு குண்டும்.

பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு எம்.பி.யின் வேலை அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பழவேற்காட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

சென்னையிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊர் இது. பொன்னேரி போய் பஸ் மாற வேண்டும். ஒரிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி பழவேற்காடு ஏரி. 1613ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி துணி வியாபாரம் செய்தார்கள். கோட்டை புதர் மண்டிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் எழுத்து அழியாமல் இருக்கிறது. கிழக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் கிளம்புவதை உலகம் டி.வி.யில் பார்க்கும், இந்தக் குப்பத்துப் பிள்ளைகள் வாசலில் நின்று பார்ப்பார்கள். அந்த நாளில் அப்பாக்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு வந்திருக்கும்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. எப்படி? 1953ல் நாடாளுமன்றம் ஆந்திர மாநிலச் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவரை இரண்டு பக்கமும் சென்னை ராஜ்ஜியம்தான். நெல்லூர் மாவட்டம் அந்தப் பக்கம் போக, செங்கல்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி இந்தப் பக்கம் நின்றது. நேற்றுவரை மாவட்ட எல்லையாக இருந்த கோடு, அக்டோபர் 1 முதல் மாநில எல்லை. இப்போதும் அந்தக் கோட்டைத் தாண்டி வலை விட்டதாகச் சொல்லி இரண்டு பக்கத்து மீனவர்களுக்கும் மோதல் வருகிறது. படகு பிடிபடுகிறது, வலை பறிபோகிறது. ஆக, டெல்லியில் நடப்பதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பழவேற்காட்டுக்காரர்கள் சொல்ல முடியாது.

அந்த ஏரிக்குள் இன்னொரு ஆட்சி நடக்கிறது. அதற்குப் பெயர் பாடு.

இறால் கிடைக்கிற இடம் ஏரி முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நிறைய, தள்ளிப் போகப் போகக் குறைவு. எல்லாரும் நல்ல இடத்துக்கே ஓடினால் வெட்டுக்குத்துதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய பட்டினவர் குப்பங்கள் காலங்காலமாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. குப்பங்களுக்குள் முறை வைத்துக்கொள்வார்கள். குப்பத்துக்குள் சீட்டுப் போட்டு, இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் சுத்து வலை கட்டலாம் என்று முடிவாகும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்குச் சுமாரான இடம். பணக்காரன், ஏழை, பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் எல்லாருக்கும் ஒரே சீட்டு. இயற்கை வளத்தைச் சண்டை இல்லாமல் பகிர்ந்துகொள்வது எப்படி என்று படிக்க வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேட்க அருமையாக இருக்கிறது இல்லையா? எனக்கும் இருந்தது. மீன் விற்கிற ஒரு அக்காவிடம், “உங்க வீட்டுக்கு இந்த வாரம் எந்தப் பாடு?” என்று கேட்டேன்.

“எனக்கு ஏது பாடு? ஆம்பள இருந்தாத்தான் பாடு. அவரு போய்ட்டாரு. புள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆவல.”

அதுதான் விதி. தலைக்கட்டு என்று ஒரு கணக்கு உண்டு. அந்தச் சமூகத்தில் பிறந்து, கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு. பெண்ணுக்குப் பாடு இல்லை. அதே ஏரியை நம்பிப் பிழைக்கிற தலித் மீனவர்கள் அந்தச் சீட்டில் இல்லை. இருளர்கள் இல்லை. இருளர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் அதைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். ஆளி ஓடு விரல்களைக் கிழித்திருக்கும். பெண்களும் இந்த வேலை செய்கிறார்கள். எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டு, அதனால் வந்த தகராறுகள் ஏராளம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 1952ல் இந்தக் கரைக்காக டெல்லிக்குப் போனவர் ஒரு தலித் பெண். நாட்டின் துணை அமைச்சராக முடிந்த அவருக்கு, இந்த ஏரியில் ஒரு நாள் வலை கட்டும் உரிமை கிடைத்திருக்காது. இரண்டு காரணங்களால் கிடைத்திருக்காது.

இதைச் சொன்னதும் அங்கே உட்கார்ந்திருந்த ஓர் இளைஞருக்குக் கோபம் வந்தது. “சார், நீங்க ஒரு பக்கம்தான் பேசறீங்க. இங்க எப்ப பார்த்தாலும் தனித் தொகுதி. எங்க ஆளு ஒருத்தன் எம்.பி.க்கு நிக்கவே முடியாது. அத யாரு கேக்கறது?”

கோபத்தில் நியாயம் இருக்கிறது. முன்பு ஸ்ரீபெரும்புதூர் தனித் தொகுதி. 2009லிருந்து திருவள்ளூர் தனித் தொகுதி. தனித் தொகுதி இல்லாவிட்டாலும் மீனவர் ஒருவர் ஜெயிப்பது லேசு இல்லை. தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மீனவர்கள் அதில் கயிறு போல நீளமாக, ஒல்லியாகப் பரவியிருக்கிறார்கள். தொகுதி என்பதோ கரையிலிருந்து உள்ளே போகிற கட்டம். எந்தக் கட்டத்திலும் அவர்கள் சிறுபான்மைதான். திருவள்ளூரை எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள், இருபது லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். ஆவடியிலும் மாதவரத்திலும் இருக்கிற அடுக்குமாடி ஓட்டுகளுக்கு முன்னால் சில குப்பங்கள் எந்த மூலைக்கு? 2024ல் இங்கே ஜெயித்த சசிகாந்த் செந்தில் ஐந்து லட்சத்து எழுபதாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஒரு குப்பத்தின் ஓட்டு எங்கே போய் நிற்கும்?

இருந்தாலும் அந்த இளைஞரிடம் ஒன்று கேட்டேன். “நல்ல இடத்துல பலம் உள்ளவன் மட்டுமே வலை கட்டக் கூடாதுன்னுதானே உங்க தாத்தா பாடு வச்சாரு? தனித் தொகுதியும் அதுதானே தம்பி?” சிரித்தார். ஒத்துக்கொண்ட சிரிப்பு மாதிரி தெரியவில்லை. “பாடுன்னா மாறி மாறி வரும் சார். இது மாறவே இல்லையே?” என்றார்.

நல்ல கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், ஒரு எம்.பி.யால் இந்த ஊருக்கு என்னதான் செய்ய முடியும்? பழவேற்காட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் வருவது முகத்துவாரம். ஏரி கடலோடு சேருகிற வாய் அது. மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொண்டால் படகு கடலுக்குப் போக முடியாது. கடலில் பொரித்த இறால் குஞ்சு ஏரிக்குள் வர முடியாது. வாய் அடைத்தால் சோறு இல்லை. பல வருஷம் மீனவர்களே காசு போட்டு மணலைத் தோண்டியிருக்கிறார்கள். நிரந்தரமாக இரண்டு பக்கமும் கல் சுவர் கட்ட மாநில அரசு போட்ட திட்டத்தின் மதிப்பு சுமார் 27 கோடி ரூபாய்.

எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒன்று உண்டு. 1993ல் ஆரம்பித்தது. 2011லிருந்து வருஷத்துக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு 83 லட்சம். ஐந்து வருஷப் பணத்தையும், வேறு எங்கேயும் ஒரு பஸ் நிழற்குடைகூடக் கட்டாமல், அப்படியே முகத்துவாரத்தில் கொட்டினாலும் 25 கோடிதான். சுவர் முடியாது. ‘எங்க ஊருக்கு எம்.பி. ஒண்ணுமே கட்டல’ என்று நாம் புலம்பும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். கட்டுவது எம்.பி.யின் முக்கிய வேலையே அல்ல.

அவர் வேலை கேட்பது. அரசியல் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இந்தக் கரையின் தலையெழுத்தை மாற்றிய பெரிய விஷயங்களைப் பாருங்கள். ராக்கெட் தளம் மத்திய அரசு. 2001ல் திறந்த எண்ணூர் துறைமுகம் மத்திய அரசு. கடற்கரையில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்லும் ஒழுங்குமுறை அறிவிக்கை 1991ல் வந்தது, 2011லும் 2019லும் மாறியது. அதுவும் மத்திய அரசு. காட்டுப்பள்ளி தனியார் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தர வேண்டியதும் மத்திய அரசுதான். துறைமுகங்களுக்கு வடக்கே கடல் கரையைத் தின்கிறது என்பது மீனவர்களின் வெகுநாள் புகார். எதிர்ப்பு வலுத்து, 2021லும் 2023லும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. குப்பத்துப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தது அதற்கு ஒரு காரணம்.

தெருவில் உட்காருவதற்கு ஒரு பலன் உண்டு. ஆனால் அமைச்சர் எழுந்து நின்று, பதிவேட்டில் ஏறும்படி பதில் சொல்ல வேண்டுமென்றால், சபைக்குள் ஒருவர் கேட்க வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்து மூலம் பதிலுக்கு 230 கேள்விகள். எந்த உறுப்பினரின் கேள்வி வரும் என்பதைக் குலுக்கல் போட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். ஆமாம், சீட்டுதான்! கோட்டைக்குப்பத்துக்காரர் டெல்லிக்குப் போனால் இந்த ஒரு விஷயம் மட்டும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். பாடு என்றால் மாற வேண்டாமா?

மாறத்தான் வேண்டும். 2023ல் நாடாளுமன்றம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று அரசியல் சட்டத்தைத் திருத்தியது. கணக்கெடுப்பு நடந்து தொகுதிகளைத் திருத்தி வரைந்த பிறகு அது நடைமுறைக்கு வரும், ஒவ்வொரு மறுவரையறைக்கும் அந்தத் தொகுதிகள் சுழற்சியில் மாறும் என்று சட்டம் சொன்னது. தனித் தொகுதிகள் எவை என்பதையும் மறுவரையறையில்தான் மறுபடி பார்ப்பார்கள். அந்த வரைபடத்தை விரிக்கிற நாளில், பழவேற்காட்டை எந்தக் கட்டத்துக்குள் போடுவது என்று யாராவது ஒருவர் கோடு போடுவார். 1953ல் தண்ணீர் மேல் விழுந்த கோடு போலவே இதுவும் பல வருஷம் நிற்கும். அப்போது குப்பங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் மறுபடியும் ஏதாவது ஒரு பெரிய நகரத்தின் வாலில் கட்டிவிடுவார்கள்.

கோடு போடுகிறவர்களிடம் குப்பங்கள் கேட்கும்போது, தங்களிடம் கேட்பவர்களுக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கணவனை இழந்த அந்த அக்காவுக்கு ஏன் பாடு இல்லை? பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிற இருளப் பெண்ணுக்கு ஏன் இல்லை? டெல்லியில் பங்கு கேட்கிற நியாயமும் ஏரியில் பங்கு கொடுக்கிற நியாயமும் வேறு வேறாக இருக்க முடியாது. 1952ல் ஓட்டுச் சீட்டு அந்த நியாயத்தை ஒரு தடவை செய்து காட்டியது. மரகதம் சந்திரசேகரை அந்த ஒரு ராத்திரிக்காக மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வது அதனால்தான் எனக்குப் போதவில்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேலை. மக்களவையின் இணையதளத்தில் ஒவ்வொரு எம்.பி.யும் கேட்ட கேள்விகள், பேசிய பேச்சு எல்லாம் தேதிவாரியாக இருக்கின்றன. உங்கள் எம்.பி.யின் பக்கத்தைத் திறந்து, உங்கள் ஊர்ப் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அடுத்த தடவை ஜீப் தெருமுனைக்கு வரும்போது, அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தன் பாடு வருகிற நாளில் எவனாவது வலையை எடுக்காமல் தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்று அந்த இளைஞரிடம் கேட்டிருந்தேன்.

“இன்னா ஆவும்? அன்னிக்கு அவனுக்கு இல்ல. மறு நாளு வேற ஆளு பாடு சார்.”